மூக்காயியின் தாய்

ஒரு பிள்ளையைக் காப்பாற்றுவதும் ஒளித்துவைப்பதும் எந்த இடத்தில் வேறுவேறாகின்றன? மாதம்மாளைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் இந்தக் கேள்வியில்தான் போய் நிற்கிறேன். அவளைத் தியாகி என்று சொன்னவர்கள் உண்டு. கல்நெஞ்சுக்காரி என்று சொன்னவர்கள் அதைவிட அதிகம். இரண்டுமே சுலபமான பேச்சு என்றுதான் எனக்குப் படுகிறது. அவளுடைய மகன் மாதுவும், கம்பவுண்டராக இருந்த சவுரியப்பனும் சொன்னவற்றை வைத்துக்கொண்டு, நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

முப்பத்து நாலாம் வருஷம் காவிரிக்கு அக்கரையில், கொள்ளேகாலத்தை ஒட்டிய மலையடி ஊர்களில் மழை சுத்தமாகப் பொய்த்துவிட்டது. அங்கிருந்து பிழைப்புத் தேடிப் புறப்பட்டவர்களில் மாதேஸும் ஒருவன். மனைவி மாதம்மாளையும் இரண்டு வயதுப் பெண் குழந்தையையும் கூட்டிக்கொண்டு பரிசலில் ஒகேனக்கல்லில் கரையேறி, பென்னாகரம் வழியாக நடந்து இண்டூர் வந்து சேர்ந்தான். வீட்டில் பேசுவது கன்னடம். மாதேஸ் சிறுவயதிலிருந்தே மாட்டுத் தரகர்களோடு இந்தப் பக்கம் வந்து போனவன், தமிழ் தடையில்லாமல் பேசுவான். மாதம்மாளுக்கு ஒரு சொல்லும் தெரியாது. பெரியண்ணன் என்கிற விவசாயியின் காட்டில் அவர்களுக்கு வேலை கிடைத்தது. கிணற்றை ஒட்டி ஒரு குடிசை போட்டுக்கொள்ளவும் அவர் இடம் கொடுத்தார்.

குழந்தையின் பெயர் கெம்பி. தவழ ஆரம்பித்த காலத்தில் அவளுக்குக் கடுமையான காய்ச்சல் ஒன்று வந்து போயிருந்தது. அதன் பிறகு எந்தச் சத்தத்துக்கும் அவள் திரும்பவில்லை. பேச்சும் வரவில்லை. அக்கரையில் மாமியார் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'மூகி' என்பாள். கன்னடத்தில் ஊமைப் பெண் என்று பொருள். விதைக்கப் போகிறவன் வழியில் அந்தக் குழந்தையைப் பார்த்துவிட்டால் வீட்டுக்குத் திரும்பி, சற்று உட்கார்ந்துவிட்டுப் போவான். கல்யாண வீடுகளிலிருந்து மாதம்மாளுக்கு மட்டும் தாம்பூலம் வரும், குழந்தையை வீட்டில் விட்டுவிட்டு வரச் சொல்லி. மாதேஸ் மழை இல்லாததால் ஊரை விட்டான். மாதம்மாளுக்கு வேறு காரணமும் இருந்தது.

அவர்கள் வந்தது கடலைக் காட்டில் களை வெட்டுகிற சமயம். களை வெட்டும் பெண்களுக்கு முன்நின்று வேலை வாங்கியவள் முனியம்மாள். வாய் ஓயாதவள், மனசில் கள்ளம் இல்லாதவள். புதிதாக வந்தவளின் குழந்தை வரப்பில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து அருகில் போனாள்.

"ஏம்புள்ள, கொழந்த பேரு என்னா?"

மாதம்மாளுக்குப் புரியவில்லை. முனியம்மாள் குழந்தையின் முகத்துக்கு நேரே விரலைச் சொடுக்கினாள். கொஞ்சினாள். குழந்தை அவள் விரலைப் பார்த்ததே தவிர முகத்தைப் பார்க்கவில்லை. முனியம்மாள் திரும்பவும் அதையே கேட்டாள்.

எங்கே போனாலும் தன்னிடம் முதலில் கேட்கப்படுவது எது என்று மாதம்மாளுக்குத் தெரியும். இங்கேயும் அதுதான் என்று நினைத்தாள். தலையைக் குனிந்துகொண்டு, "மூகி" என்றாள்.

"மூக்கியா? மூக்காயின்னு சொல்லு. எங்க சின்ன மாமியா பேரும் அதான்."

"மூக்குக் குத்தாம என்னாடி மூக்காயி?" என்றாள் பக்கத்தில் இருந்த ஒருத்தி. "ஓட்டையவே காணோம்."

முன்னால் பிறந்த பிள்ளைகள் தங்காமல் போய், அதற்குப் பிறகு பிறந்து நிற்கிற பிள்ளைக்கு மூக்குக் குத்தி, ஆணானால் மூக்கன், பெண்ணானால் மூக்காயி என்று பெயர் விடுவது இந்தப் பக்கத்து வழக்கம். இவளும் பிள்ளைகளைப் பறிகொடுத்தவள்தான் என்று அந்தப் பெண்கள் முடிவு செய்துகொண்டார்கள். பேரை வைத்துவிட்டு மூக்கைக் குத்தாமல் விட்டிருக்கிறார்களே, பஞ்சத்தில் வந்தவர்கள், வசதி இருந்திருக்காது என்று இரக்கப்பட்டார்கள். அடுத்த சந்தையன்று முனியம்மாள் தாயையும் குழந்தையையும் தனக்குத் தெரிந்த ஆசாரியிடம் அழைத்துப் போய், குழந்தைக்கு மூக்குக் குத்தவைத்தாள்.

அங்கேதான் மாதம்மாளின் பக்கத்திலும் ஒரு தவறு நேர்ந்தது. தன் பிள்ளை ஊமை என்று சொல்லியாகிவிட்டது. அதைக் கேட்டவர்கள் முகம் சுளிக்காமல், கையைப் பிடித்துக் கூட்டிப் போய் மூக்கைக் குத்துகிறார்கள். அப்படியானால் இந்தச் சீமையில் ஊமைக்கு இதுதான் வைத்தியம். இவ்வளவுதான் அவள் விளங்கிக்கொண்டது. குழந்தையின் தலையைத் தானே இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அன்று முதல் காலையில் எழுந்ததும் குழந்தையை எதிரில் உட்காரவைத்து, அதன் பெயரை மெதுவாகச் சொல்லிவிட்டுக் காத்திருப்பாள்.

மாதேஸுக்கு நடந்தது புரிந்துவிட்டது. அவனுக்குத் தமிழ் தெரியுமே. ஆனால் அவள் அப்படிக் காத்திருப்பதைப் பார்த்த பிறகு அவனுக்குச் சொல்ல வாய் வரவில்லை. அவன் மேல் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அந்த வீட்டில் ஒளிக்கிற வேலை முதலில் அவனிடமிருந்துதான் தொடங்கியது என்பதையும் விட்டுவிட முடியாது.

மூக்குப் புண் ஆறி, மழைக்காலம் போய், பனியும் வந்தது. ஒரு சந்தையில் மாதம்மாள் மிளகாய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது, "மூக்கா, டேய் மூக்கா" என்று யாரோ கூப்பிட்டார்கள். கன்னடத்தில் மூகா என்றால் ஊமையன். அவளுக்கு முன்னால் மூட்டை தூக்கிப் போன ஓர் ஆள் திரும்பிப் பார்த்து, "என்னாங்க" என்றான். பிறகு நின்று, விலையைப் பற்றி நெடுநேரம் பேசினான். மாதம்மாள் மிளகாயை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்து, மூக்கன் என்றால் என்ன என்று புருஷனிடம் கேட்டாள். அவன் சொன்னான். முதலிலேயே தனக்குத் தெரியும் என்பதையும் சொன்னான்.

"நாளைக்கே முனியம்மாகிட்ட நான் சொல்லிடறன்" என்றான்.

"பேடா" என்றாள் மாதம்மாள். கன்னடத்தில் வேண்டாம் என்று அர்த்தம்.

ஏன் வேண்டாம் என்பது அப்போது வெளிப்படையாக இருந்தது. இந்த ஊரில் கெம்பி ஊமைப் பிள்ளை இல்லை, தமிழ் தெரியாத பிள்ளை. கூப்பிட்டால் திரும்பாதது, கேட்டதற்கு விழிப்பது, சிரித்து மழுப்புவது எல்லாவற்றுக்கும் அந்த ஒரு காரணம் போதும். கிணற்றடிப் பிள்ளைகள் அவளிடம் கையால்தான் பேசினார்கள். வேற்றுப் பாஷைக்காரியிடம் வேறு எப்படிப் பேசுவது? பாண்டி ஆட்டத்தில் அவளைச் சேர்த்துக்கொண்டார்கள். காலை ஆட்டினால் 'ஆட வா' என்றும், கண்ணைப் பொத்தினால் 'ஒளிஞ்சிக்க' என்றும் அவர்களுக்குள் ஒரு ஜாடை ஏற்பட்டுவிட்டது. விதைக்கப் போகிற பெரியண்ணன் அவள் எதிரே வந்தால் தலையைத் தடவிவிட்டுத்தான் போவார்.

இது நீடிக்க வேண்டுமானால் வீட்டில் தமிழ் நுழையக் கூடாது. தாய்க்குத் தமிழ் வந்துவிட்டால், மகளுக்கு மட்டும் ஏன் வரவில்லை என்ற கேள்வி வந்துவிடும். ஆகவே மாதம்மாள் தமிழ் பேசவில்லை. பெண்கள் பகலெல்லாம் பேசியதை இரவு புருஷனிடம் ஒன்றுவிடாமல் கன்னடத்தில் சொல்லிச் சிரிப்பாளாம். அவ்வளவு தெரிந்தும் காட்டில் யார் எது கேட்டாலும் ஒரே பதில்தான்: "கொத்தில்லா." தெரியாது என்பதற்கான கன்னடச் சொல். தமிழில் கொத்து என்பது களை வெட்டும் கருவி.

"கொத்து இல்லியா? அந்தா வரப்புல கெடக்குது, எடுத்துக்க" என்பாள் முனியம்மாள். எல்லாரும் சிரிப்பார்கள். மாதம்மாளும் புரியாதவள்போலச் சிரிப்பாள். அவளுக்குக் கொத்தில்லாக்காரி என்றே பெயர் ஆகிவிட்டது. ஆனால் வருஷம் ஏற ஏற அந்தச் சிரிப்பு மாறியது.

"எங்க ராகியத் திங்கற, எங்க கெணத்துத் தண்ணியக் குடிக்கற, எங்க பேச்சு மட்டும் ஒனக்குக் கசக்குதா?" என்று ஒருநாள் ஒருத்தி கேட்டாள்.

"வுடுடி. மகாராசா அரமனையில பொறந்தவ. நம்ம பேச்செல்லாம் வாயில வருமா" என்றாள் இன்னொருத்தி.

மாதம்மாள் குனிந்து களை வெட்டிக்கொண்டே இருந்தாள்.

முப்பத்து ஏழில் மாது பிறந்தான். மூன்று வயதில் அவன் வாயில் தமிழ் கொட்டியது. ஊர்ப் பிள்ளைகளிடமிருந்து அவனைப் பிரித்து வைக்க முடியவில்லை. தம்பி இப்படிப் பேசுகிறான், அக்காளுக்கு என்ன வந்தது என்று கேட்டார்கள். பிறகு அவர்களே, பெண்பிள்ளை, ஆத்தாள் முந்தானையிலேயே கிடக்கிறது, வேறு எப்படி இருக்கும் என்று பதிலும் சொல்லிக்கொண்டார்கள். தாங்கள் கட்டிவைத்த காரணத்தைத் தாங்களே உடைக்க யாருக்கும் அவ்வளவு எளிதில் மனம் வருவதில்லை.

இதற்குள் கெம்பியின் காதில் சீழ் வடிய ஆரம்பித்திருந்தது. மழைக்காலத்தில் வடியும், வெயிலில் காயும். மாதம்மாள் பூண்டு காய்ச்சிய எண்ணெய் விட்டுப் பஞ்சு வைத்து, தலைமயிரைக் காதின் மேல் இறக்கிச் சீவிவிடுவாள். அம்மை குத்த வருகிறவர் ஊருக்குள் வந்தபோது, காதைப் பார்த்துவிடுவார் என்று பிள்ளையைச் சோளத்தட்டுப் போருக்குப் பின்னால் உட்காரவைத்தாள். ஆஸ்பத்திரிக்குப் போனால் பேரைக் கேட்பார்கள், எங்கே வலி என்று கேட்பார்கள். கேள்வி கேட்கிற இடம் எதற்கும் அவள் பிள்ளையைக் கொண்டுபோகவில்லை.

நாற்பதாம் வருஷம் ஐப்பசியில் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டது. கழுத்தைத் திருப்ப முடியவில்லை. இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தாள். மாதேஸ் கடத்தூர்ச் சந்தைக்கு மாடு ஓட்டிப் போயிருந்தான். முனியம்மாள்தான், "பாத்துக்கிட்டு நிக்கறியே, புள்ள செத்துப் போயிரும்" என்று வண்டி கட்டச் சொல்லித் தாயையும் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு, தர்மபுரிப் பக்கம் பாதிரிமார் நடத்திய சின்ன ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள்.

அங்கே கம்பவுண்டர் சவுரியப்பன். கூட்டம் அதிகம். மலேரியாக் காய்ச்சல் ஊரெல்லாம் பரவியிருந்த சமயம்.

"எங்கம்மா வலிக்குது?" என்று பிள்ளையைக் கேட்டார். அது விழித்தது.

"அதுக்குத் தமிழ் வராதுங்க, கன்னடத்துக்காரங்க" என்றாள் முனியம்மாள். "ஆத்தாளுக்கும் வராதுங்க. கேட்டீங்கன்னா கொத்து இல்லம்பா."

சவுரியப்பன் சிரித்துக்கொண்டே பிள்ளையின் வயிற்றை அமுக்கினார், கண்ணை இழுத்துப் பார்த்தார். குளிர் உண்டா என்று கேட்டார். முனியம்மாள் தனக்குத் தெரிந்த அளவில், உண்டு என்றாள். அவர் மருந்துச் சீசாவை எடுத்தார். அதற்குள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

"அய்யா," என்றாள் மாதம்மாள். "வயிறு இல்லீங்க. காதுதாங்க. மயிர ஒதுக்கிப் பாருங்க, பின்னால வீங்கிப்போயிருக்குது. ரொம்ப நாளா சீழு வடியுதுங்க. எங்க வலிக்குதுன்னு கேட்டா அவளால சொல்ல முடியாதுங்க. அவளுக்குத் தமிழ் மட்டுமில்லீங்க, எதுவுமே கேக்காது."

எல்லாம் நல்ல தமிழ். இண்டூர்த் தமிழ். சவுரியப்பனுக்கு அதில் விசேஷம் எதுவும் தெரியவில்லை. மயிரை ஒதுக்கிப் பார்த்துவிட்டு உடனே டாக்டரிடம் ஓடினார். முனியம்மாள்தான் அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அன்றே காதுக்குப் பின்னால் கீறிச் சீழை எடுத்தார்கள். பிள்ளை பிழைத்துக்கொண்டது. கட்டுப் பிரித்த பிறகு சவுரியப்பன் அவள் முதுகுக்குப் பின்னால் நின்று பித்தளைத் தட்டைத் தட்டினார், மணி அடித்தார். ஒன்றுக்கும் அசைவில்லை.

"காய்ச்சல்ல போனது போயிருக்கும்," என்றார் மாதம்மாளிடம். "ஆனா ஒரு காதுல கொஞ்சம் மிச்சம் இருந்திருக்கலாம். சீழு தின்னுட்டுதோ என்னமோ. முன்னாலயே கொண்டாந்திருந்தா பாத்திருக்கலாம். இப்ப அத யாராலயும் சொல்ல முடியாது."

அவர் கடுமையாகச் சொல்லவில்லை. ஆனாலும் அதைச் சொல்லியிருக்க வேண்டாம் என்று பிற்காலத்தில் அவரே வருத்தப்பட்டார்.

திரும்பி வருகிற வண்டியில் முனியம்மாள் மாதம்மாளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். நல்லம்பள்ளி தாண்டிய பிறகுதான் திரும்பினாள்.

"எம் மருமவளப் பத்தி ஒங்கிட்ட எத்தன சொல்லியிருக்கறன். கல்லுகிட்ட சொல்றாப்பலன்னு நெனச்சில்ல சொன்னன்."

"நான் யாருகிட்டயும் சொல்லலீங்க அக்கா," என்றாள் மாதம்மாள்.

"சொல்லமாட்ட. நீதான் எதையும் சொல்லமாட்டியே."

ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. யாரும் அவர்களை விரட்டவில்லை. வேலையிலிருந்து நிறுத்தவும் இல்லை. பெரியண்ணன் ஒரு படி அரிசி கொடுத்தனுப்பினார். ஆனால் பிள்ளைகள் கெம்பியிடம் கையால் பேசுவதை விட்டுவிட்டார்கள். அவள் எதிரே நின்று, சத்தமில்லாமல் வாயை மட்டும் திறந்து மூடிக் காட்டிவிட்டுச் சிரித்தார்கள். மூக்காயி என்ற பெயர் போய் ஊமச்சி என்று ஆயிற்று. முனியம்மாள் தன் பேரனையே இதற்காக அடித்தாள். அடித்தும் பலனில்லை. கெம்பி காலை ஆட்டி ஆட்டிப் பிள்ளைகளை ஆடக் கூப்பிட்டுப் பார்த்தாள். பிறகு கிணற்றடிப் பக்கம் போவதையே விட்டாள்.

தெற்குச் சீமையில் கன்னியாஸ்திரீகள் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்று ஒரு பள்ளிக்கூடம் வைத்திருப்பதாகச் சவுரியப்பனுக்குத் தெரியும். அங்கேயே தங்க வேண்டும். உதட்டைப் பார்த்துப் பேச்சைப் புரிந்துகொள்ளவும், தையலும் சொல்லிக்கொடுப்பார்கள். வயது ஏறிவிட்டால் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். அவர் எழுதிக் கேட்டு இடம் வாங்கிவிட்டு, சைக்கிளில் வந்து சொன்னார். மாதம்மாள் மறுப்பாள் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். மாதேஸ்தான் தயங்கினான். அவள் உடனே சரி என்றாள்.

நாற்பத்தொன்றாம் வருஷம் ஆனி மாதம், மொரப்பூர் ஸ்டேஷனில், தெற்கே போகிற ஒரு சிஸ்டரிடம் பிள்ளையை ஒப்படைத்தார்கள். யுத்தக் காலம். வண்டி நிறையப் பட்டாளத்துக்காரர்கள். தாயும் மகளும் தங்களுக்குள் கையால் ஒரு பேச்சு உண்டாக்கி வைத்திருந்தார்கள். சோறு, தண்ணீர், பாம்பு, மாடு, அப்பா, தூங்கு, கோபம் எல்லாவற்றுக்கும் அதில் ஜாடை இருந்தது. பிறகு என்பதற்கு இல்லை. அடுத்த கோடையில் என்பதற்கு இல்லை. கண் முன்னால் இருப்பவற்றை மட்டுமே அவர்கள் இதுவரை பேசியிருந்தார்கள். அம்மாவும் ஏறுவாள் என்று நினைத்துக்கொண்டு கெம்பி ஜன்னலோரம் இடம்விட்டு உட்கார்ந்தாள். வண்டி நகர்ந்ததும் அந்த இடத்தைக் கையால் தட்டித் தட்டிக் காட்டினாளாம். இதை மாதேஸ் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தான். மாதம்மாள் ஒருமுறையும் சொன்னதில்லை.

அதற்குப் பிறகு அவள் எல்லாரிடமும் தமிழில் பேசினாள். சந்தையில் பேரம் பேசினாள். முனியம்மாளோடு சண்டை போட்டாள், சமாதானமும் ஆனாள். பார்க்கிறவர்களுக்கு அவள் அந்த ஊரிலேயே பிறந்தவளாகத் தெரிந்தாள்.

மறு வருஷம் சித்திரையில் சவுரியப்பன் வந்தார். பெரிய லீவு விடுகிறார்கள், பிள்ளையை வீட்டுக்குக் கூட்டிவரலாம் என்றார்.

"புள்ள நல்லா இருக்குதாம். நிறைய கூட்டாளிங்களாம். தண்ணின்னு வாயத் தொறந்து சொல்லுதாம். கேட்டா நமக்கே புரியுதாம்."

மாதேஸ் அழுதுவிட்டான். மாதம்மாள் அந்தச் சொல்லை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்ததாக மாது சொல்கிறான். அவர்கள் வீட்டில் தண்ணீருக்கு அந்தச் சொல் இல்லை, நீரு என்பார்கள்.

"எப்ப போறீங்க?" என்றார் சவுரியப்பன்.

"நாளைக்கே போறன்" என்றான் மாதேஸ்.

"போகவேண்டாங்க," என்றாள் மாதம்மாள். "அவ அங்கயே இருக்கட்டும்."

"லீவுக்குத்தாம்மா. அப்புறம் திருப்பிக் கொண்டுபோயி வுட்டுடலாம்."

"தெரியுங்க. வேண்டாம்."

"நீங்க போயிப் பாத்துட்டாவது வரலாமில்ல?"

அவள் எழுந்து உள்ளே போனாள். குடிக்க மோர் கொண்டுவந்து கொடுத்தாள்.

சவுரியப்பன் அவளுக்குப் பிள்ளையின் மேல் பாசம் விட்டுப்போய்விட்டது என்று நினைத்தார். முனியம்மாள், இந்த ஊர்ப் பிள்ளைகள் முகத்தில் கெம்பி திரும்ப விழிக்க வேண்டாம் என்றுதான் என்றாள். தான் காதைக் கெடுத்துவிட்டோம் என்ற நினைப்பில் பிள்ளையின் எதிரே நிற்கக் கூசினாள் என்று மாதேஸ் நம்பினான். மூன்றும் அவரவர் மனத்துக்கு ஏற்ற விளக்கங்கள். எனக்கு அவற்றில் ஒன்றும் நிறைவாக இல்லை. என்னிடம் நாலாவதாக ஒன்றும் கிடையாது.

மறுநாள் விடியற்காலையில் மாதேஸ் வெளுத்த வேட்டியைக் கட்டிக்கொண்டு புறப்பட்டு நின்றான். மாதம்மாள் வாசலில் குறுக்கே உட்கார்ந்துகொண்டாள். கத்தவில்லை, கெஞ்சவில்லை. வெயில் ஏறும்வரை அங்கேயே இருந்தாள். அவன் வேட்டியை மாற்றிக்கொண்டு காட்டுக்குப் போனான். அதற்கடுத்த கோடையிலும், அதற்கடுத்ததிலும் சவுரியப்பன் வந்து கேட்டார். அவள் வேண்டாம் என்றே சொன்னாள். லீவு நாட்களில் எல்லாப் பிள்ளைகளும் போன பிறகு கெம்பி சிஸ்டர்களோடு அங்கேயே இருந்தாள்.